காஸ்பார் காத்த கதவு

2023 செப்டம்பர் 20

தம்பி ஜெபமாலைக்கு,

ஆண்டவர் இயேசுவின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும். நீ, உன் மனைவி ஜெனிபர், அம்மா மூவரும் சுகம்தானே? எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை. போன வாரம் நீ பாதியில் வைத்துவிட்டாய். அம்மாவுக்கோ போனில் காது கேட்பதில்லை, எது கேட்டாலும் "நல்லாக்கீறேன்" என்ற ஒரே பதில்தான். அதனால்தான் காகிதம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் கோபமும் ஆறிவிடும்.

எங்கள் மடத்தில் என்னைப் பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊருக்கு மாற்றிவிட்டார்கள். முதியோர் இல்லம், இருபத்தாறு பேர். கட்டடத்தைப் பார்த்தால் நீ வாய் பிளப்பாய். நானூற்றைம்பது வருடத்துக்கு முன் காஸ்பார் என்ற பிரபு வாழ்ந்த வீடு. பெரிய பிரபு இல்லையடா, இரண்டு கிராமமும் ஒரு மாவு ஆலையும் நான்கு குதிரையும்தான் சொத்து. அந்தக் காலத்தில் இங்கே கத்தோலிக்கரும் சீர்திருத்த சபைக்காரரும் முப்பது நாற்பது வருடம் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்களாம். காஸ்பார் கத்தோலிக்கர், ராஜாவின் ஆள். ஊர்க் கோட்டைக் கதவு அவர் பொறுப்பு. அந்தக் கதவு இன்னும் நிற்கிறது. வந்த அன்றே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு வேண்டுகோள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளில் அப்பா கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. நீ நம் கோயிலை விட்டுப் போய்ச் சேர்ந்த சபையில் கூடாது என்பார்கள், தெரியும். மூன்று வருடமாக அந்த ஒரு கல்லறை மட்டும் இருண்டு கிடக்கிறதாம். அம்மாவையும் அந்த சபைக்கு இழுத்துக்கொண்டு போனவன் நீ. இதையாவது செய்.

உனக்காகத் தினமும் வேண்டும்
அக்கா ஆரோக்கியமேரி

•

2023 அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் கிடைக்கிறதா அங்கே?

மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டேன். ஆனால் அப்பா கல்லறையைச் சுற்றி முளைத்திருந்த வேலிகாத்தான் முட்செடிகளை வெட்டி, சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அதில் தப்பில்லை என்று பாஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். சுண்ணாம்பு அடிக்கும்போது நம் பழைய கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர் கல்லறைத் தோட்ட வாசலில் நின்று, "இன்னாப்பா, ரூட் மாறி வந்துட்டியா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன்.

அம்மாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் என்று எழுதியிருக்கிறாய். சரி.

உன் காஸ்பார் கதையை நிறுத்தாதே. சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறேன், தெரியுமே. மேலே கூண்டில் இருக்கும்போதெல்லாம் அந்தக் கதவு நினைப்புதான். எத்தனை டன் இருக்கும்? மோட்டார் இல்லாத காலத்தில் எப்படித் தூக்கி மாட்டினார்கள்? லிவரைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே இருந்ததில் சூப்பர்வைசர் கீழே இருந்து விசில் அடித்தார்.

அம்மா நலம். புதன், சனி பஸ்ஸில் திருவள்ளூர் போய் வருவதுதான் அலுப்பு. நாக்கு மட்டும் பழையபடி. "இன்னாடா, உங்கக்கா இப்ப பேப்பர்ல சண்ட போடுதா?" என்கிறாள்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.
ஜெபா

•

2023 நவம்பர் 6

தம்பிக்கு,

அமைதி உன்னோடு. சுண்ணாம்பு அடித்தாயே, அதைப் படித்ததும் சாப்பாட்டு மேசையிலேயே அழுதுவிட்டேன். மெழுகுவர்த்தியை நான் இங்கே கோயிலில் ஏற்றிக்கொண்டேன்.

கதவைப் பற்றி விசாரித்தேன். ஒரு பக்கக் கதவு மட்டும் ஒன்றரை டன்னாம். எருது கட்டி, உருளையில் கயிறு போட்டு ஏற்றினார்களாம். கீல் ஒவ்வொன்றும் என் தொடை அளவு.

இன்னும் கேள். காஸ்பார் எழுதிய கடிதங்களே இருக்கின்றன! இங்கே லெக்லேர் அம்மா என்று எண்பத்திரண்டு வயது மகராசி இருக்கிறார். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கடிதங்களின் நகல் கட்டு அவர் அலமாரியில் இருக்கிறது. பழைய பிரெஞ்சு, எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. அவர் வாரம் ஒரு கடிதம் படித்துப் பொருள் சொல்வார், அதற்குக் கூலி ஒரு கோப்பைக் காபி கூடுதலாக. டாக்டர் வேண்டாம் என்றதால் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

காஸ்பாருக்கு மதலேன் என்று ஒரே தங்கை. அவள் சீர்திருத்த சபையில் சேர்ந்துவிட்டாள். அண்ணன் ராஜா பக்கம், தங்கை எதிர்ப்பக்கம். அப்படியும் இருவரும் கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நானூற்றைம்பது வருடம் கழித்து நாம் அதே காரியத்தைச் செய்கிறோம், பார்த்தாயா?

அதிருக்கட்டும். அம்மா எதற்கு வாரம் இரண்டு முறை திருவள்ளூர் போகிறாள்? மழுப்பாமல் எழுது.

அக்கா

•

2023 நவம்பர் 27

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. எட்டு மாதமாக டயாலிசிஸ். உன்னிடம் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "அது அங்க கெழவங்களப் பாக்குமா, என்னப் பாக்குமா?" என்றாள். மன்னித்துவிடு. இனி ரொம்ப நாள் ஓடாது என்று டாக்டர் சொல்கிறார்.

அவளுக்கு ஒரே ஆசை. அப்பா போய்ப் பதினாறு வருடம் ஆயிற்று. நம் கல்லறைத் தோட்ட வழக்கப்படி, அவர் குழியையே திறந்து அவளையும் அதில் வைக்க வேண்டும். போன மாதம் நான் போய்க் கேட்டேன். பேரவையில் முடியாது என்கிறார்கள். அவள் எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவளாம், பங்குப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்களாம். எங்கள் சபைக்குத் தனியாக இடம் இல்லை. ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் பொதுச் சுடுகாட்டில்தான் புதைக்க வேண்டும்.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் கேட்கிறாள். "பாக்கறேம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நீ கன்னியாஸ்திரி. பங்குச் சாமியார் உன் பேச்சைத் தட்ட மாட்டார். ஒரே ஒரு கடிதம் அவருக்குப் போடு. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஜெபா

•

2023 டிசம்பர் 15

ஜெபமாலைக்கு,

அமைதி உனக்கு. உன் கடிதம் வந்தது. எட்டு மாதம்! ஏண்டா, நான் செத்தா போய்விட்டேன்? அம்மா காலில் விழுந்து கும்பிட்டேன் என்று சொல்.

இப்போது நான் எழுதுவதைக் கோபப்படாமல் படி. காஸ்பாரின் முக்கியமான கடிதத்தைப் போன வாரம் லெக்லேர் அம்மா படித்தார். பக்கத்து ஊரில் கலவரம். விரட்டப்பட்ட சீர்திருத்த சபைக்காரர்கள் இந்தக் கதவுக்கு வெளியே வந்து விழுந்து கிடக்கிறார்கள். அவர்களில் மதலேனும் ஒருத்தி, காய்ச்சலோடு. "அண்ணா, கதவைத் திற" என்று துண்டுச் சீட்டு அனுப்புகிறாள். திறக்கக் கூடாது என்பது ராஜாவின் ஆணை. காஸ்பார் மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். எழுதுகிறார்: "என் ரத்தம் வெளியே கிடக்கிறது. என் சத்தியம் உள்ளே நிற்கிறது. நான் திறக்கவில்லை." கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். மனிதன் என்றால் இவனல்லவா மனிதன்! தன் ரத்தத்துக்காகக்கூட வாக்கு மாறவில்லையே.

திருச்சபையின் ஒழுங்கும் அப்படித்தான், தம்பி. உறவுக்காக அதை வளைக்க நான் யார்? சாமியாருக்கு எழுதுகிறேன். ஆனால் முதலில் நீ போய், எடுத்த முழுக்கு தவறு என்றும், அம்மாவை அழைத்துப்போனது நான்தான் என்றும் பேரவையில் எழுதிக் கையெழுத்துப் போடு. பிறகு என் கடிதம் வரும். அடுத்த கடிதத்தைப் படிக்கும் முன் லெக்லேர் அம்மா மார்ச்சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவருக்காகவும் வேண்டிக்கொள்.

அக்கா

•

2024 ஜனவரி 5

தம்பிக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லபடியாக விடிந்திருக்கட்டும். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஜெனிபர் ஒரு முறை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா "நல்லாக்கீறேன்" என்றாள். அவள் குரல் அப்படிச் சுருங்கிப்போய் நான் கேட்டதே இல்லை. ஒரு வரியாவது எழுது.

மேரி அக்கா

•

2024 ஜனவரி 17

ஆரோக்கியமேரி அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

உன் டிசம்பர் கடிதம் ஜனவரி மூன்றில் வந்தது. நீ சொன்னபடி செய்துவிட்டேன். போன ஞாயிறு, பொங்கலுக்கு முந்தின நாள், பேரவைக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நானே என் தாயை வழிதவறச் செய்தேன்" என்று இருந்தது. எழுதினேன். உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். சாமியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் சபைக்குச் செய்தி போய்விட்டது. பாஸ்டர் என்னை விலக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே நான்தான் டிரம்ஸ் அடிப்பேன், இனி வேறு ஒருவர் அடிப்பாராம். நேற்று ஜெபக்கூட்டத்துக்கு ஜெனிபர் தனியாகப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

ஜெபமாலை

•

2024 ஜனவரி 19

என் கண்ணே, தம்பி ஜெபாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதுவரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

லெக்லேர் அம்மா திரும்பி வந்துவிட்டார். நேற்று மீதிக் கடிதங்களைப் படித்தார். மேலிடத்து அனுமதி வந்துவிட்டதாம், ஜெபா! "அவர்களை உள்ளே விடலாம்" என்றே வந்ததாம். வந்தது பதினோராவது நாள். மதலேன் இறந்தது ஒன்பதாவது நாள்.

கதவின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். இருமுவது கேட்டதாம். எட்டாவது நாள் அண்ணனைக் கூப்பிட்டாளாம், அதுவும் கேட்டதாம். அவரே எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும்போது லெக்லேர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

விசுவாசத்தைப் பாராட்டி ராஜா அவருக்கு மூன்றாவது கிராமம் ஒன்று கொடுக்க வந்தாராம். வேண்டாம் என்றுவிட்டார். அவர் கேட்டது என்ன தெரியுமா? கதவு திறக்கும் காவல்காரன் வேலை! ஒரு பிரபு, கூலிக்காரன் செய்கிற வேலையைக் கேட்டு வாங்கி, முப்பத்தொரு வருடம் தன் கையால் அந்த ஒன்றரை டன் கதவைத் திறந்திருக்கிறார். வந்தவர் எந்த சபை என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லையாம். கடைசிக் கடிதத்தில் எழுதுகிறார்: "முதலில் திற. யார் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்."

இன்று காலை அந்தக் கதவின் கீழே மண்டியிட்டேன். முன்பு பெருமையோடு தொட்டேன். இன்று தொடவே வெட்கமாக இருந்தது. பாதிக் கதையைப் படித்துவிட்டு உனக்குப் பாடம் நடத்தினேனே, பாவி நான்!

எதிலும் கையெழுத்துப் போடாதே, ஜெபா. உன் விசுவாசம் உன்னோடு இருக்கட்டும். சாமியாருக்கு இப்போதுதான் போன் செய்தேன். ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை, மூச்சு முட்டும் வரை பேசிவிட்டு வைத்தேன். ஊருக்கு வரத் தலைமைச் சகோதரியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கொடுக்கத் தாமதித்தால் கேட்காமலே வருவேன்.

என்னை மன்னித்துவிடு.

உன் மேரி

•

2024 பிப்ரவரி 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இனி எழுதுவது அம்மா. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்து மாற்றினாலும் அடி விழும் என்கிறாள்.

மேரி, நல்லா கீறியா? முட்டி வலி எப்டி கீது? நான் நல்லாக்கீறேன். இது நெசமாவே சொல்றேன்.

உன் லெட்டர இவன் படிச்சிக்கினே வந்தான். கையெழுத்து போடாதேன்ற எடத்துல நின்னுட்டான். மேல படிடான்னா லெட்டர மடிக்கறான். அப்பறம் கேட்டு கேட்டு வாங்கினேன். இவன் பொங்கலுக்கே போட்டுட்டானாம்! எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் இன்னா வேல பண்ணி வெச்சிக்கீறீங்க!

இப்ப நீ கேட்டுக்க. இவன் என்ன இட்டுக்கினு போவல. நான்தான் இவன இட்டுக்கினு போனேன். நீ பிரான்சுக்குப் போன வருசம் இவன் குடிக்க ஆரம்பிச்சான். மூணு வருசம். கிரேன்ல இருந்து எறக்கி வுட்டுட்டாங்க, வேல போற நெலம. ஜெனிபர் பொட்டியக் கட்டிட்டா. கோயில்ல மண்டி போட்டேன், மாதாவக் கேட்டேன், ஒண்ணும் ஆவல. பக்கத்து வூட்டு செண்பகம் அந்த சபையச் சொல்லிச்சு. இவன் கையப் புடிச்சு தரதரன்னு இஸ்துக்கினு போனேன். மொதல்ல தண்ணில எறங்கினது நான். அன்னிலேர்ந்து இவன் ஒரு சொட்டு தொடல. நீ சிஸ்டராச்சே, அம்மாவப் பத்தி தப்பா நெனப்பியேன்னு பழியத் தன் தலைல போட்டுக்கினான். (அக்கா, இதை எழுத மாட்டேன் என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.)

சனிக்கெழம ஆஸ்பத்திரி முடிஞ்சி நேரா சாமியார் பங்களாவுக்கு ஆட்டோவ வுடச் சொன்னேன். செயலாளரும் இருந்தாரு. அந்தப் பேப்பரக் குடுன்னேன். குடுத்தாரு. நாலா கிழிச்சேன். இது பொய்யி, பொய்ய எழுதி வாங்கிக்கினு என்ன உள்ள வுடறதானா எனக்கு வேணான்னேன்.

அப்பறம் சொன்னேன். சாமி, நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது. அந்தக் கல்லறத் தோட்டம் அப்ப பள்ளம். மழ பேஞ்சா சவப்பொட்டி மெதக்கும். நானும் இவுங்கப்பனும் காலனி சனம் எல்லாமும் சேந்து ஒரு கோட பூரா ஏரி மண்ண வெட்டி, கூடைல தலைமேல தூக்கினு வந்து மேடாக்கினோம். அப்ப மேரி என் வயித்துல. மேல தூக்கி வெச்ச மண்ணு சாமி அது, கீழ எறங்க நான் யாரக் கேக்கணும்?

செயலாளரு தலய தொங்கப் போட்டுக்கினாரு. சாமியாரு எழுந்து நின்னுட்டாரு. பெரிய நோட்ட எடுத்து, உங்கப்பன் பேருக்குக் கீழ என் பேர எழுதினாரு. நான் இன்னும் சாவலயே சாமி, அதுக்குள்ள இன்னா அவசரம்னேன். அழுதுக்கினே சிரிச்சாரு. மக போன் பண்ணி மூச்சு வுடாம திட்டிச்சும்மா, வாயத் தொறக்கவே வுடலன்னாரு.

நேத்து அந்த பாஸ்டர ஊட்டுக்கு வரச் சொன்னேன். பெத்தவளுக்காவ பண்ணவன வெளிய தள்றது எந்த வசனத்துல கீதுன்னு கேட்டேன். வர ஞாயித்துக்கெழம இவன் டிரம்ஸ் அடிக்கப் போறான். ஜெனிபர் காலைல இவனுக்கு ரெண்டு முட்ட சேத்துப் போட்டா.

உன் காஸ்பாரு கதைய ரெண்டு தபா படிக்கச் சொல்லி கேட்டேன். பாவம்மா அந்த மனுசன். முப்பத்தோரு வருசம்! ராசா குடுத்த ஊர வேணான்னுட்டு கதவத் தொறந்துக்கினு நின்னானே, எம்மாம் பெரிய மனசு. ஆனா ஒண்ணு. அவனுக்கு ஒரு ஆத்தா உசுரோட இருந்திருந்தா பதினோரு நாள் ஆயிருக்காது.

நீ கெளம்பி வா. புதன், சனி வேணாம், நான் ஊட்ல இருக்க மாட்டேன். மத்த நாள்ல வா. டாக்டரு இன்னா சொல்றாருன்னு எனக்குத் தெரியும், இவன் மறைக்கறான்னும் தெரியும். பயம் ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். குழில மண்ணு போடறப்ப நீ அந்தப் பக்கம் நின்னு உன் ஜெபத்த சொல்லு, இவன் இந்தப் பக்கம் நின்னு அவன் ஜெபத்த சொல்லட்டும். ஆனா மொதப் புடி மண்ண ரெண்டு பேரும் சேந்து போடணும். ஒத்தக் கையால போட்டீங்கன்னா நான் வாங்க மாட்டேன்.

அம்மா விக்டோரியா
(பெருவிரல் ரேகை)